பலா மரம் எங்கே போனது?

(சேர்வராயன் மலையிலுள்ள நாகலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மொழிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரு மனுவிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் காத்திருந்தேன். பக்கத்தில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இந்த மலையைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. எழுபது வயது இருக்கும். கூட ஒரு பேரன், கல்லூரியில் படிக்கிற பையன். அந்த அம்மாள் தன் நிலத்தைப் பற்றிச் சொன்னார். சொன்னது இப்படி இருந்தது:

"எங்க மாமனாரு வெச்ச பலா நிக்குதுங்க. நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அது காய்ச்சுக்கிட்டு இருந்துச்சு. சரிவுல கல்லு கட்டி மண்ண நிறுத்துனது எங்க வூட்டுக்காரரு. கீழ ஓரத்துல அவங்க ரெண்டு பேரையும் பொதச்சிருக்குது."

மனு எழுதுபவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுதினார்: "மேற்படி நிலத்தை நாங்கள் நீண்ட காலமாக அனுபவித்து வருகிறோம். எனவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அந்த அம்மாள் கைநாட்டு வைத்தார்.

எழுதியவர் கெட்டவர் இல்லை. அந்த அலுவலகத்துக்குள் எந்த நடை செல்லுபடியாகும் என்று தெரிந்தவர். அந்த அம்மாளுக்கு உதவி செய்வதாகவே நினைத்து எழுதினார். ஆனால் அந்த மரம் எங்கே போனது? கல்கட்டு எங்கே போனது? புதைத்த இடம் எங்கே? மருமகளாக வந்த வருடம் எங்கே? நான்கு சாட்சிகளோடு வந்த பேச்சு, 'நீண்ட காலமாக' என்ற ஒரு தொடராகச் சுருங்கிவிட்டது. தலை நிமிர்ந்து சொன்ன கணக்கு, காகிதத்தில் ஏறும்போது கருணைக்கு ஏங்கும் கோரிக்கையாகிவிட்டது. என் பேச்சு முழுவதும் இந்த ஒரு வழியைப் பற்றியதுதான். வாயிலிருந்து காகிதம் வரைக்கும் ஒரு சொல் நடந்து போகிற வழி. அந்த வழியில் யார் யார் நிற்கிறார்கள், எதை இறக்கி வைக்கச் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்கிற படிப்பைச் சமூக மொழியியல் என்கிறோம். பேச்சும் எழுத்தும் நடைமுறையில் எப்படிப் புழங்குகின்றன என்று நுணுகிப் பார்ப்பதைச் சொல்லாடல் ஆய்வு என்கிறோம்.

இந்தப் படிப்பு மேல்நாட்டில் பிறந்து நமக்கு வந்தது என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் ஒரு செய்தி இருக்கிறது. ஒருவர் இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என்று மூன்று சொற்கள். தாழ்ந்த நிலையில் இருப்பவர் 'ஈ' என்று கேட்பார், சமமானவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார் என்கிறது அந்த நூல். கேட்கப்படுகிற பொருள் ஒன்றுதான், ஒரு படி அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. இலக்கண நூல் எழுத உட்கார்ந்த ஒருவர், எழுத்தையும் வேற்றுமை உருபையும் பார்த்ததோடு நிற்கவில்லை. கேட்கிறவர் முதுகு வளைந்திருக்கிறதா என்பதையும் பார்த்திருக்கிறார். எனக்கு இது இன்றும் வியப்பாக இருக்கிறது.

மனுவில் வருகிற 'கருணை கூர்ந்து', 'தாழ்மையுடன்' எல்லாம் அந்த 'ஈ'யின் பேரப்பிள்ளைகள்.

அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. ஒரே ஆளைப் பன்மையில் சொல்வது உலக வழக்கில் மரியாதைக்காக வந்தது, இலக்கணப்படி அமைந்த முறை அல்ல என்று. அதாவது ஒருவரை 'அவர்' என்பதும் 'நீங்கள்' என்பதும் மனிதர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு. மனிதர் செய்த ஏற்பாடு என்றால் மனிதர் மாற்றவும் முடியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1960இல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற ஐரோப்பிய மொழிகளில் நம் 'நீ', 'நீங்கள்' போல இரண்டு சொற்கள் உண்டு. யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்று பார்த்து, அதில் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன என்றார்கள். ஒன்று அதிகாரம், மற்றது நெருக்கம். இதைக் கேட்டால் ஐரோப்பியர்களைவிட நம் பாட்டிமார் வேகமாகத் தலையாட்டுவார்கள். நாம் முருகனை 'நீ' என்கிறோம். பெற்ற தாயை 'நீ' என்கிறோம். இந்த மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயனிடம் வேண்டிக்கொள்ளும்போது 'நீங்க' போட்டு யாரும் வேண்டுவதில்லை. அந்த 'நீ'யில் அவமதிப்பு கிடையாது. ஆகவே 'நீ' என்ற சொல்லில் குற்றம் இல்லை. நான் உன்னை 'நீ' என்று சொல்லலாம், நீ என்னைத் திருப்பி அப்படிச் சொன்னால் உதை விழும் என்ற நிலை இருக்கிறதே, அங்கேதான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் போய், திரும்பி வராத 'நீ'.

இதை ஆராய உலகத்திலேயே முக்கியமான களங்களில் ஒன்று நம் கொங்குப் பக்கத்து ஊர்தான். ஸ்டீபன் லெவின்சன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1970களில் கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, அங்கே மக்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பதிவு செய்தார். பெனலோப்பி பிரவுன் என்ற ஆய்வாளர் மெக்சிகோவின் மலைப்பகுதியில் மாயா மக்களிடையே அதே வேலையைச் செய்தார். இருவரும் சேர்ந்து பணிவைப் பற்றி எழுதிய ஆய்வு 1978இல் வந்தது, 1987இல் தனிப் புத்தகமானது. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதில் மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்சிகோ மலைமக்கள் பேசும் செல்தால், நம் கொங்குப் பக்கத்துத் தமிழ். 'வாங்க', 'சரிங்க', 'சொல்லுங்க' என்று நாம் யோசிக்காமல் ஒட்டிவிடுகிற அந்த 'ங்க', உலக அறிவின் ஒரு பகுதியாகிவிட்டது. லெவின்சன் இன்னொரு கட்டுரையில், அந்த ஊரில் எந்தச் சாதியார் எந்தச் சாதியாருக்கு 'நீ' கொடுக்கிறார், எவரிடமிருந்து 'நீங்க' வாங்குகிறார் என்று பார்த்து எழுதினார். யார் வீட்டில் யார் கை நனைப்பார் என்று பார்த்தால் ஊரின் மேடு பள்ளம் தெரியும் அல்லவா, அதுபோலவே 'ங்க' நடக்கிற திசையைப் பார்த்தாலும் ஊரின் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

இனி அந்த மூதாட்டியோடு அலுவலகத்துக்குள் போவோம். நானும் அன்று பின்னாலேயே உள்ளே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். "என்னம்மா, சொல்லு" என்றார். அந்த அம்மாள் "சாமி" என்று தொடங்கினார். எழுபது வயது முப்பது வயதைச் சாமி என்றது. முப்பது வயது எழுபது வயதைச் 'சொல்லு' என்றது. பிறகு அந்தப் பையன் முன்னால் வந்து, புத்தகத் தமிழில் இரண்டு ஆங்கிலச் சொற்களும் கலந்து விவரம் கேட்டான். உடனே "சொல்லுங்க தம்பி" என்று வந்தது. ஒரே குடும்பம், ஒரே நிலம், ஒரே மனு. ஒரு நிமிடத்துக்குள் 'லு' 'லுங்க' ஆகிவிட்டது. அந்த இரண்டு எழுத்தின் விலை பதினைந்து வருடப் படிப்பு. பாட்டியின் முகத்தைப் பார்த்தேன். பேரனுக்குக் கிடைத்ததில் பெருமைதான் இருந்தது. தனக்குக் கிடைக்காததைப் பற்றி அவருக்கு ஒன்றும் தோன்றியதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இந்த மலையில் இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பியைக் கொண்டு வந்தார். காப்பியோடு கூடவே ஒரு பேச்சு முறையும் மலையேறியது. மேலே துரை, அவருக்குக் கீழே ரைட்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி, எல்லாருக்கும் கீழே பழம் பறிக்கிற பெண். மேலிருந்து வருவது ஏவல், கீழிருந்து போவது 'சரிங்க'. ஒவ்வொரு படியிலும் ஒருவர் மேலே 'ங்க' கொடுத்துக் கீழே 'டா', 'டி' கொடுத்தார். தோட்டத்து உலகத்தில் ஒரு தமிழ்ச் சொல்லும் தலைகீழானது. தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கிடைப்பது. பேரேட்டில் அது வேலை செய்கிறவருக்கே பெயராகிவிட்டது. கைக்கு வர வேண்டிய ஒன்று ஆள் மேல் ஒட்டிக்கொண்டது. இலங்கை, மலேயா, தென்னாப்பிரிக்கா என்று தமிழர் போன இடமெல்லாம் அந்தச் சொல் வசையாகக் கூடவே போனது.

பெயர் என்றதும் இலங்கையின் மலைநாட்டுத் தமிழர்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களுடைய முன்னோர் அங்கே போய் 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவு கூர்ந்தார்கள். தோட்டக்காட்டான் என்று ஏசப்பட்டவர்கள், அரசுப் பதிவேட்டில் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர்கள், மலையகத் தமிழர் என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். 'இந்திய' என்று இருக்கும் வரை 'உன் ஊருக்குப் போ' என்று சொல்ல வசதி இருந்தது. 'மலையகம்' என்றதும் அவர்களுடைய ஊர் அவர்கள் காலுக்கடியிலேயே வந்துவிட்டது. உங்களுக்கும் இது புரியும். மலையாளி என்ற உங்கள் பழங்குடியின் பெயரைக் கேட்டுக் கேரளாவா என்று கேட்டவர்களுக்கு எத்தனை முறை விளக்கம் சொல்லியிருப்பீர்கள்! மலையை ஆள்பவர் என்று பொருள் படுகிற பெயர். அதைச் சான்றிதழ் மேசைகளில் விளக்கிச் சொல்லி நிரூபிக்க வேண்டியதாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறேன். ஜான் சின்கிளேர், மால்கம் கூல்ட்ஹார்ட் என்ற இருவர் 1975இல் இங்கிலாந்து வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆசிரியர் கேட்பார், பிள்ளை பதில் சொல்லும், ஆசிரியர் அது சரியா தப்பா என்பார். இந்த மூன்று அடிதான் திரும்பத் திரும்ப வருகிறது என்றார்கள். யோசித்துப் பாருங்கள், வீட்டில் நமக்குத் தெரியாததைத்தான் கேட்போம். பள்ளிக்கூடத்தில் மட்டும் பதில் தெரிந்தவர் தெரியாதவரைக் கேட்கிறார். மலைப்பிள்ளைகளில் பலர் இந்த ஆட்டத்தின் விதி பிடிபடாமல் பேசாமல் நிற்பார்கள். அதை மந்தம் என்று எழுதிவிடுகிறோம். நானும் ஆசிரியராக இருந்தவன். என் வகுப்பில் பேசாமல் நின்ற ஒரு பிள்ளை, சாயங்காலம் பாதையில் என்னைப் பார்த்து, எந்த மரத்தில் எந்த மாதம் தேன் இருக்கும் என்று அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசியது. அங்கே கேள்வி கேட்டவன் நான், உண்மையாகவே தெரியாமல் கேட்டேன்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன்.

1956இல் நம் மாநிலத்தில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அலுவலகத்துக்குள் தமிழ் நுழைந்தது. பெரிய காரியம், அதற்காக உழைத்தவர்களை வணங்குகிறேன். ஆனால் நுழைந்தது யாருடைய தமிழ்? உங்களுக்கு வருகிற கடிதத்தைப் படித்துப் பாருங்கள். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' 'உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.' 'கோரிக்கை ஏற்கப்படவில்லை.' யார் பரிசீலிக்கிறார்? யார் மேற்கொள்வார்? யார் ஏற்கவில்லை? அந்த வாக்கியங்களில் ஆளே இல்லை. நம் வாய்ப்பேச்சில் இப்படி யாரும் பேசுவதில்லை. 'மாடு அவிழ்க்கப்பட்டது' என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா? 'மாட்ட யாரு அவுத்தா?' என்றுதான் கேட்போம். செய்தவரைச் சொல்லாமல் செய்ததை மட்டும் சொல்லும் அந்த 'படும்' நடை, பொறுப்பை எங்கோ ஒளித்து வைத்துவிடுகிறது. கேள்வி கேட்க ஆள் தெரியாதபோது கேள்வியே எழாது.

ஒரு சொல் மேலும் பெரிய காரியம் செய்யும். தாத்தா காலத்திலிருந்து உழுகிற காட்டோரத்து நிலத்துக்குப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது: ஆக்கிரமிப்பு. அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு பேசத் தொடங்கினால் கெஞ்சுவதைத் தவிர வழி கிடையாது. 2006இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் அந்தச் சொல்லின் மேல் கை வைத்தது. பழங்குடியினருக்கு வரலாற்றில் அநீதி நடந்தது என்று அதன் முகப்பிலேயே ஒப்புக்கொண்டது. புதிதாக உரிமை தருவதாக அது சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்த உரிமையை ஏற்பதாகச் சொன்னது. நிலம் அதேதான், உழுபவர் அதேதான். 'ஆக்கிரமிப்பாளர்' இருந்த இடத்தில் 'உரிமை கோருபவர்' வந்தார்.

2008இல் வந்த அதன் விதிகளில் ஒரு பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். உரிமைக்கு எவையெல்லாம் சான்று என்று சொல்லும் இடம். அரசுப் பதிவேடுகளைச் சொல்கிறது. கூடவே வீடு, குடிசை, நிலத்தைச் சமன்படுத்தியது, கட்டிய கரை போன்றவற்றையும் சொல்கிறது. புதைக்கும் இடத்தையும் புனித இடத்தையும் சொல்கிறது. உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வதை எழுத்தில் வாங்கினால் அதுவும் சான்று என்கிறது. அந்த மூதாட்டி வாயால் சொன்னதை மறுபடி நினைத்துப் பாருங்கள். கல்கட்டு, புதைத்த இடம், மாமனார் வைத்த மரம். சட்டம் சான்றாக ஏற்பவற்றில் சில அவர் பேச்சிலேயே இருந்தன. மனுவில்தான் இல்லை.

காகிதத்தில் ஏறாத சொல்லுக்கு என்ன நேரும் என்பதற்கு வாச்சாத்தியைவிட வேறு சாட்சி வேண்டாம். தர்மபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். உங்கள் உறவுக்காரர்களின் ஊர் என்றே சொல்லலாம், அவர்களும் மலையாளிகள்தான். 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் போனார்கள். காகிதத்தில் அது சந்தனமரக் கடத்தலைத் தேடிய சோதனை. ஊர் சொன்னது வேறு. அடித்தார்கள், வீடுகளை நாசம் செய்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஒரு பக்கம் முத்திரை குத்திய தாள், மறுபக்கம் அந்த ஊர்ப் பெண்களின் வாய்ச்சொல். தாள்தான் முதலில் நின்றது. கடத்தல்காரர் என்ற ஒரு சொல் ஊர் முழுவதன் மேலும் விழுந்துவிட்டதால், அதற்கு அப்புறம் அவர்கள் எதைச் சொன்னாலும் குற்றவாளி சொல்லும் சாக்காகவே கேட்டது.

அந்தப் பெண்கள் சொல்வதை நிறுத்தவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரித் தோழர்களும் கூட நின்றார்கள். 1995இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. அதிகாரிகளை எதிரில் நிறுத்தி அடையாளம் காட்டினார்கள். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு நின்றார்கள். கேள்வி கேட்கும் உரிமை முழுவதும் எதிரில் நிற்பவர் கையில் இருக்கும் இடம் அது. தனக்கு நடந்ததைத் தன் வரிசையில், தன் வேகத்தில் சொல்ல விடாத இடம். அங்கே நின்று அவர்கள் சொன்ன சொல், 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பானது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் அதே செப்டம்பர் 29, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கு நேரில் போனார். அதுவரை அந்தப் பெண்கள்தான் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். அன்று ஒரு நாள் நீதிமன்றம் அவர்கள் வாசலுக்கு நடந்தது. அவர்கள் ஊரில், அவர்கள் பேச்சில் கேட்டது. மொழி ஆய்வு படித்த எனக்கு அந்தப் பயணம் தீர்ப்பின் ஒரு பகுதியாகவே தெரிகிறது.

இங்கே இருக்கும் படித்த பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். கிராம சபை கூடும்போது தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவார்கள். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் உங்கள் பாட்டியைப் பார்த்து, "நீ சொன்னது இதுல இருக்குதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். மனு எழுதும்போது பாட்டியின் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். 'தாழ்மையுடன்' என்ற சொல்லை விட்டுவிட்டாலும் மனு செல்லும்.

அந்த மூதாட்டியின் கதையில் மீதி இருக்கிறது. அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும் அந்தப் பையனிடம் போய், நான் வாசலில் கேட்டதைச் சொன்னேன். விதியில் என்ன இருக்கிறது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தான். படிக்கட்டிலேயே உட்கார்ந்தோம். "ஆயா, மொதல்லருந்து சொல்லு" என்றான். அவர் சொல்லச் சொல்ல எழுதினான். ஒரு பக்கம் நிறைந்ததும் வாசித்துக் காட்டினான். "சரிவான பகுதியில் கல் கட்டியது என் தாத்தா" என்ற இடத்தில் அவர் அவனை நிறுத்தினார்.

"தாத்தா மட்டுமாடா கட்டுனாரு? கல்லு சொமந்தவ நானு. அத எழுது."

அவன் அடித்துவிட்டு மறுபடி எழுதினான்.